ஜுவைரியாவின் சிலைடு

எங்கள் சுனாபட்டி லேபில் சளிப் பரிசோதனை என்றால் ஜுவைரியாதான். பதினாறு வருஷமாகக் காசநோய்க் கிருமியைத் தேடிப் பிடிப்பதே அவள் வேலை. கணவர் இறந்த பிறகு தாராவியில் ஒரே அறை, ஒன்பது வயது மகள் பரீஹா, இந்த வேலை, அவ்வளவுதான் அவள் உலகம். ஆனால் வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். இரண்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் அவளிடம் தப்ப முடியாது.

"அந்தக் கிருமியோட செவுரு மெழுகு பூசுன செவுரு வே. மாத்திர மெழுக மறுபடி பூச விடாது, அப்புறந்தான் செவுரு உதிரும். ஆறு மாசம் ஆவும்லா? பாதியில விட்டா திரும்பக் கட்டிக்கிடும்!" என்று பொரிந்து தள்ளுவாள்.

சோதனையும் அந்தச் சுவரை நம்பித்தான். சளியைக் கண்ணாடிச் சிலைடில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, ஆசிட்டில் கழுவுவோம். மற்ற கிருமிகளின் சுவர் சாயத்தை விட்டுவிடும், இது விடாது. பிறகு நீலச் சாயம் ஊற்றினால், நீலத்துக்கு நடுவே இது மட்டும் சிவப்புக் குச்சியாகத் தெரியும்.

மாதம் ஒருமுறை நான் புது ஆசிட் கலப்பேன். அது சரியாகக் கழுவுகிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் சளி வேண்டும். அந்த ஆள் எப்போதும் ஜுவைரியாதான். டப்பாவில் இருமித் துப்பிவிட்டு, "வீட்டுச் சரக்கு, சுத்தமான சரக்கு" என்பாள். எந்த விதியிலும் இல்லாத வழக்கம். நானும் தடுத்ததில்லை.

போன ஜூலையில் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னை முறைத்தாள்.

"நாணு அண்ணே, ஆசிட்டுல தண்ணிய ஊத்தி வச்சிருக்கியளா? எஞ் சிலைடுல செவப்பு நிக்கி!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அளந்துதான் கலந்தேன். சும்மா என் மேல பழியைப் போடாதே."

அவள் விடவில்லை. மறுபடி சிலைடு போட்டாள். இந்த முறை பழைய பாட்டில் ஆசிட், இரண்டு மடங்கு நேரம். கூடவே அன்று சோதனைக்கு வந்த நான்கு பேரின் சிலைடுகளைப் புது ஆசிட்டில் கழுவினாள். முதலில் நான் பார்த்தேன். நான்கும் நீலம்.

"பாத்தியா, என் ஆசிட் சரியாத்தான் இருக்கு!" என்று ஜெயித்தவன் போலச் சொல்லிவிட்டு ஐந்தாவதைப் பார்த்தேன். அது அவளுடையது. சிவப்புக் குச்சிகள் அப்படியே இருந்தன.

மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தாள். "குர்லா ஸ்டேஷன் தூசி" என்பாள், நானும் தலையாட்டுவேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள் என்ற போர்டு எங்கள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. இப்படியுமா குருடாக இருப்போம்!

அவளும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, பரீஹா தெனமும் எங் கையிலதான் தல வச்சுப் படுப்பா" என்றாள்.

அலமாரியிலிருந்து இரண்டு சளி டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் தன் பெயரை எழுதினாள். இன்னொன்றில் முதல் எழுத்தைப் போட்டதும் கை நின்றுவிட்டது. பேனாவை வாங்கி மீதியை நான் எழுதினேன்.