கொள்ளிக்கு ஒரு ஆள்

சாலம்மாள் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கணவர் இறந்த பிறகு, உதவித்தொகைக்குக் கைநாட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொழுந்தனார் மகன் பகலவன் அவரைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனான். தியாகதுருகத்து வீடு அவன் பேருக்குப் போயிற்று. பெரியம்மாவின் பாய் ஆட்டுக் கொட்டகைக்குப் போயிற்று.

ஊர் திரும்பிய நான், பெரியம்மாவின் தங்கை மகள், பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி கள்ளக்குறிச்சி கோட்டாட்சியருக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். பெரியம்மா கைநாட்டு வைக்க மறுத்தார்.

"அவன் மேல கேஸ் போட்டா எனக்குக் கொள்ளி யாரு போடுவா?"

"நான் போடறேன்."

என் முதுகுப்பையை மேலும் கீழும் பார்த்தார். "ஊர் ஊரா சுத்திக்கினு இருந்தவளுக்குத் திடீர்னு இன்னா அக்கறை? உனக்கும் வூடு வேணுமா?"

மனு விஷயம் எப்படியோ பகலவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் இட்லிப் பொட்டலத்தோடு கொட்டகைக்கு வந்தான்.

"சூடா சாப்பிடுங்க பெரியம்மா. உங்களுக்கு நான்தானே எல்லாம்?"

பெரியம்மா ஓர் இட்லியைப் பிட்டு ஆட்டுக்குப் போட்டார். ஆடு தின்று முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சாப்பிட்டார். அவன் போனதும் என்னிடம் பெருவிரலை நீட்டினார்.

"மை எடு. வூடு போயிடும்னதும் இட்லி வருது பாரு. வூடு என் பேர்ல இருந்தா கொள்ளிக்கும் ஆள் தானா வரும்."

கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்தார்.

"தீர்ப்பு வந்தா பத்திரத்த என் கையிலதான் கொடுக்கச் சொல்லணும். நீ வாங்காத."