பதினோரு நிமிடத்துக்கு ஒரு வரி

முன்னறையில் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள். பின்னறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கதைக்காரிக்கு அந்த அழுகை மனப்பாடம். பதினான்கு வினாடி நீளும். பிறகு மூக்கை உறிஞ்சுவாள். அதன்பின் வயலின். தொடரின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி, பேருந்து நிலையக் காட்சி, ஞாயிற்றுக்கிழமை மறு ஒளிபரப்பு. இன்றைக்கு வயலினுக்கு முன்னால் இன்னொரு உறிஞ்சலும் கேட்டது. அது தொடரில் இல்லாதது. அவள் கணவருடையது.

"எத்தன தடவைங்க அழுவீங்க? பஸ் வரும், மக ஏறிப் போயிடுவா. போன தடவையும் போனா," என்றாள் இருந்த இடத்திலிருந்தே.

"நீ நாள் பூரா இதுலயே இருக்கறவ. உனக்கு மரத்துப்போச்சு. எனக்கும் போகணுமா?"

கதைக்காரி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. முப்பது வயதுக்குள் ஏழு சிறுகதைகள் எழுதி, ஏழும் அச்சாயின. ஏழாவது கதை வெளியான இதழ்தான் அந்தப் பத்திரிகையின் கடைசி இதழ். "உன் கதையப் போட்டாங்க, கடையச் சாத்திட்டாங்க," என்று கணவர் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள். ஏழு கதைக்கும் சேர்த்து ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

பத்து வருடமாக ஒரு வீடியோ நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். தொடரில் பேசுவதை ஹெட்போன் மாட்டிக் கேட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்தாகத் தட்டித் தர வேண்டும். காது கேளாதவர்களுக்காக என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் ஒரு சொல் விடாமல் எழுதினாள். கதவு கிறீச்சிட்டதைக்கூட எழுதினாள். நன்றாயிருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. கிணற்றில் போட்ட கல்.

ஒருநாள் கணவர் விளையாட்டாகத்தான் கேட்டார். "மேல மூஞ்சி அழுவுது. பின்னால பாட்டு அழுவுது. ரெண்டு அழுகைக்கும் கீழ நீ எழுதறத எவன் படிக்கப்போறான்?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்ததற்குக் காரணம், அவள் மனதில் ஏற்கெனவே அதே கேள்வி இருந்ததுதான். பார்க்கவும் கேட்கவும் இவ்வளவு வந்துவிட்ட பிறகு எழுத்து எதற்கு? ஏழு கதைகளையே யாரும் சீண்டவில்லை, இதையா படிக்கப்போகிறார்கள்? அன்றிலிருந்து நாலு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் என்று வெட்டத் தொடங்கினாள். பாட்டு வந்தால் அடைப்புக்குறிக்குள் 'பாட்டு' என்று ஒரு சொல். பேருந்து நிலையக் காட்சி எழுத வந்த அன்று வெளியே தூறல் போட்டது, மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் நான்கு நிமிடம் கொட்டித் தீர்த்ததற்கு அவள் தட்டிய வரி இதுதான்: 'அம்மா: எல்லாம் சரியாகிவிடும்.' தட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள். துணி நனையவில்லை.

வயலின் நின்றதும் அழைப்புமணி அடித்தது. கணவர் கதவைத் திறந்து யாரையோ உள்ளே கூட்டிவந்தார்.

"கதைக்காரி, உன்னத் தேடி ஆளு வந்திருக்கு. நம்ம சலவைக்கடையில இஸ்திரி போடுமே, அந்தப் பொண்ணு. காதும் கேக்காது, பேச்சும் வராது. போன வாரம் ரசீதுக்குப் பின்னாடி எழுதிக் காட்டினேன், இந்தத் தொடருக்குக் கீழ எழுத்து போடறது எங்க வீட்டம்மாதான்னு. கண்ணு இவ்ளோ பெரிசாச்சு. உடனே விலாசம் கேட்டுது."

முப்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. கையில் ஒரு நோட்டு, கழுத்தில் கயிறு கட்டிய பேனா. வந்தவள் முதலில் கணினியைப் பார்த்தாள், பிறகு கதைக்காரியின் விரல்களைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து, வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்த பக்கத்தைக் காட்டினாள்.

'அக்கா, உங்கள் எழுத்தைப் பத்து வருடமாகப் படிக்கிறேன்.'

கதைக்காரிக்குக் கண் மங்கியது. வாழ்நாளில் அவளுக்கு வந்த முதல் வாசகர் கடிதம் அது. நாற்காலியை இழுத்துப் போட்டாள், கணவரைத் தேநீர் போடச் சொன்னாள், தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டாள்.

'பள்ளியில் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று உங்களிடம்தான் கற்றேன்.'

பக்கம் திரும்பியது.

'அம்மா இறந்து மூன்று வருடம். ஆஸ்பத்திரியில் எனக்காகப் பேசினாள். அண்ணன் செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். வாய்மேல் ஆக்சிஜன் மூடி. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. "நல்லா இரு" என்று சொன்னாளாம். அவ்வளவுதானாம். பதினோரு நிமிடம் பேசுகிறாள். முதலில் அண்ணன்மேல் சந்தேகம் வந்தது. பிறகு உங்கள் தொடரை நினைத்தேன். பேருந்து நிலையத்தில் அம்மாவும் மகளும் எவ்வளவு நேரம் வாயசைக்கிறார்கள். கீழே ஒரு வரிதான். காது கேட்பவர்கள் துக்கம் வந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள் என்று புரிந்தது. அண்ணனை நம்பினேன்.'

கடைசியில் இப்படி இருந்தது: 'அந்த ஒரு வரியைத் தொடரில் வருவதுபோல அச்சடித்துத் தாருங்கள். அம்மா படத்துக்குக் கீழே ஒட்டுவேன்.'

சற்றுமுன் சரிசெய்த தலைமுடியிலிருந்து கதைக்காரியின் கை மெல்லக் கீழே இறங்கியது. முகம் சுட்டது. எதிரில் இருப்பவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். 'நல்லா இரு' என்று இரண்டு சொல் தட்டிக் கொடுத்தால் போதும், கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவாள்.

வந்தவளின் செல்போனை வாங்கிக் கணினியில் இணைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

கட்டிலில் ஒரு வயதான பெண். மூடியை விலக்கி விலக்கிப் பேசினாள். மூச்சு இரைத்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"உனக்குக் கேக்காதுன்னு தெரியும்மா. எனக்குச் சொல்லணும். உங்கண்ணனோட மேலதிகாரி சாப்பிட வந்தாரே, அன்னிக்கு உன்னப் பின்னறையில வெச்சுப் பூட்டினேன். பழைய பேப்பரெல்லாம் மடிச்சு அடுக்குன்னு ஜாடை காட்டினேன். எனக்கு ஒரே பையன்தான்னு அவர்கிட்ட சொன்னேன். மூணு மணி நேரம் கழிச்சுத் தெறந்தா, எல்லாத்தையும் ஓரம் பிசகாம அடுக்கி வெச்சுட்டு, பாருன்னு கையக் காட்டின. அந்த அடுக்கு இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

கதைக்காரியின் விரல்கள் ஓடின. தேநீரோடு வந்த கணவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். அவர் இப்படி நின்று படித்ததே இல்லை. வந்தவள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத எழுதாத," என்றார்.

"ஏங்க?"

"செத்துப்போனவங்க. இனிமே இது தெரிஞ்சு அந்தப் பொண்ணு என்ன செய்யும்? நல்லதா நாலு வார்த்த போட்டுக் குடு. அது நம்ம வாயையே பாக்குது பாரு."

சரியென்றுதான் பட்டது. வெட்டிப் பழகிய கை. பூட்டியதையும் ஒரே பையன் என்றதையும் அழித்தாள். பேப்பர் அடுக்கியதை மட்டும் விட்டுவைத்தாள். மேலே கேட்டாள்.

"உன் டீச்சர் கைபாஷை கத்துக்க வரச் சொன்னாங்க. ரெண்டு நாள் போனேன். பஸ்ல கைய ஆட்டிப் பேசினா நாலு பேர் பாப்பாங்கன்னு நின்னுட்டேன். இத்தன வருஷம் உங்கிட்ட சாப்ட்டியா தூங்கினியாங்கறதுக்கு மேல ஒண்ணும் பேசல."

இதிலும் பாதியை விட்டாள். பச்சைக் கம்பளி யாருக்கு, பீரோ சாவி எங்கே, முட்டிவலித் தைலம் எந்தத் தட்டில் என்று பேச்சு எங்கெங்கோ போய்வந்தது. பத்தாவது நிமிடத்தில் ஓர் ஆண் குரல் குறுக்கிட்டது.

"போதும்மா, மூச்சு வாங்குது. அவளுக்குக் கேக்கவா போவுது?"

"கேக்காதுன்னுதான்டா உன்ன வெச்சுக்கிட்டுச் சொல்றேன். எழுதிக் குடு. ஒண்ணு விடாம எழுதிக் குடு. நான் பூட்டி வெச்சதையும் எழுது."

"சரிம்மா, எழுதறேன்."

"நல்லா இருன்னு சொல்லு."

படம் நின்றது. அந்த அண்ணனைக் கதைக்காரி பார்த்ததில்லை. ஆனால் அவனைத் தெரியும். பத்து வருடமாக இதே நாற்காலியில் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

தட்டியதையெல்லாம் அழித்தாள். படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"மறுபடியுமா?" என்றார் கணவர்.

"நீங்க கொஞ்சம் முன்னறைக்குப் போங்க."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருமலை எழுதினாள். மூச்சிரைப்பை எழுதினாள். தைலத்தை எழுதினாள். அண்ணன் சொன்னதையும் எழுதினாள். புரியாத இடத்தில் ஐந்து தடவை நிறுத்திக் கேட்டு எழுதினாள். அச்சு இயந்திரம் முதல் தாளைத் துப்பியதும் வந்தவள் எழுந்து கை நீட்டினாள். இரண்டாவது தாள் வந்தது. அவள் கை நீட்டியபடியே நின்றது. மூன்று, நான்கு. ஆறாவது தாள் வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

படித்தாள். வரி மறைவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று பழகிய கண்கள். ஒரே ஓட்டமாகக் கீழே போயின. தாளில் வரிகள் மறையாமல் நிற்பதைக் கண்டு மறுபடி மேலே ஏறின. 'ஒரே பையன்' என்ற இடத்தில் தழும்புக் கை நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு நோட்டை எடுத்தாள்.

'பின்னறையில் சன்னல் இருந்தது. எல்லாம் பார்த்தேன். அம்மா என்னால் வெட்கப்பட்டது எனக்குத் தெரியும். அதற்காக அவள் வெட்கப்பட்டது தெரியாது.'

இன்னொரு வரி: 'அண்ணன் ஏன் ஒரு வரி சொன்னான்?'

உன் மனம் நோகக் கூடாது என்றுதான், என்று எழுதியிருக்கலாம். கேட்கிறவளுக்கும் ஆறுதல், சொல்கிறவளுக்கும் தப்பித்தல். கதைக்காரி பேனாவை வாங்கினாள்.

'அண்ணனுக்கு என்ன காரணமோ எனக்குத் தெரியாது. என் காரணம் தெரியும். தொடரில் எல்லோரும் நிறையப் பேசினார்கள். நான்தான் வெட்டினேன்.'

வந்தவள் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

'பேருந்து நிலையம்?'

'நாற்பது வரிக்கு மேல் இருக்கும்.'

'நீங்கள் ஏன்?'

'யாரும் படிக்கவில்லை என்று நினைத்தேன். மாடியில் துணி காய்ந்தது.'

எழுதிய உடனே அந்த இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை.

சலவைக்கடைப் பெண் எதையோ எழுதப் பேனாவை எடுத்தாள். முள்ளைத் தாளில் வைத்தாள். எழுதாமலே மூடிபோட்டாள். ஆறு தாள்களையும் ஓரம் பிசகாமல் சேர்த்து, நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்தாள். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

கதைக்காரி கைகூப்பினாள். மன்னிப்புக்கு எந்த ஜாடை என்று அவளுக்குத் தெரியாது. பத்து வருடத்தில் தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. வந்தவள் அந்தக் கைகளைப் பார்த்தாள், தலையை அசைத்தாள். அது சரி என்றா, போதும் என்றா, புரியவில்லை.

முன்னறையைத் தாண்டி அவளே போனாள். கணவர் எழுந்து வழிவிட்டார். வெளியே இறங்கியவள் கதவைப் பின்னாலிருந்து இழுத்தாள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் அதிரும்படி கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

"என்ன, கோவமா போவுதா அந்தப் பொண்ணு?" என்றார் கணவர்.

கதைக்காரி முன்னறைக்கு வந்தாள். கோபத்தில்தான் அப்படிச் சாத்தினாளா, கதவுக்குச் சத்தம் உண்டு என்பதை மறந்து சாத்தினாளா? கேட்டு எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அந்த ஒரு சத்தத்தை என்னவென்று எழுதுவது என்று தெரியாமல், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.