எத்தினி மணிக்கு எடுக்குறீங்க?

என் சித்தப்பா ஜாஸ் டிரம்பெட் வாசிப்பவர். ஆனால் பிழைப்புக்காகச் சவ ஊர்வலங்களிலும் வாசித்ததால், ஆண்டர்சன்பேட்டைக்கு அவர் வெறும் சாவு பேண்டுக்காரர்தான். அவர் போன பிறகு, அவருடைய ஜாஸை ஊர் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சித்திக்கு ஒரே ஆசை. சர்ச் ஹாலில் அவருடைய படங்களையும் டிரம்பெட்டையும் கண்காட்சியாக வைத்தோம். அவர் வாசித்துப் பதிந்த கேசட்டை ஸ்பீக்கரில் போட்டோம்.

சத்தம் கேட்டதுதான் தாமதம், தெருவே மாலையோடு வந்து நின்றது. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் சித்தப்பாவின் படத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னாமா இது? இவுரு செத்து ரொம்ப நாளாச்சே, இப்ப யாருக்கு வாசிக்கிறாரு?"

"யாரா இருந்தா இன்னாயா, உக்காரு" என்று அவரை இழுத்து உட்கார வைத்த பக்கத்து வீட்டம்மா, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி மணிக்குமா எடுக்குறீங்க?" என்று கேட்டார்.

பிணத்தை எடுக்கும் முன்னால் எழுந்து போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஒருவரும் அசையவில்லை. ஹால் நிறைய ஆட்கள், தலையைக் குனிந்து, துள்ளல் ஜாஸைத் துக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தேன். சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா குந்துடா. சாயந்தரம்தான் எடுக்குறோம்னு சொல்லு. இன்னும் ரெண்டு கேசட்டு கீது."