சும்மா கிடந்த நடுக்கம்பி

பந்தல்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்று மோட்டார்தான். காயில் சூடானால் அடுத்த முறை தடித்த கம்பி போடுவோம், சூடு அடங்கிவிடும்.

துபாயில் வெல்டராக இருந்துவிட்டு வந்த வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரி இல்லாமல், கரண்டிலேயே இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் மெஷின். அதை வைத்து அரிவாள், மண்வெட்டி அடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம், இனி வெளிநாடு போக வேண்டாம் என்றிருந்தார். வரும் வழியில் ஈரம் பட்டு, உள்ளே காயில் கருகியிருந்தது. மெல்லிய கம்பிகளை முறுக்கிச் சுற்றிய காயில்.

முதலாளி சிரித்தார். "என்ன பாய், சவுரிமுடியால்ல சுத்தியிருக்கான்! ஏலே, தடிக் கம்பியாப் போடு."

போட்டேன். கருகித் திரும்பி வந்தது. இன்னும் தடித்ததாகப் போட்டோம். அதுவும் கருகியது.

அந்த முறை அவருடைய மகளும் வந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் இன்ஜினியரிங் படிக்கிறவள். மோட்டார் மூடியில் சாக்பீஸால் படம் போட்டாள். ஒரே கம்பியை, ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். குழாய்க்கு ஒரு ரெசிஸ்டர். ஒரு குழாயிலிருந்து அடுத்த உள்குழாய்க்குப் போகும் வழியில் ஒரு காயில். படம் ஏணி மாதிரி வந்தது.

"கரண்டு மெதுவா மாறுனா இந்தப் படத்துக் காயில் வழி விட்டுரும் மாமா, நடு வரைக்கும் போயிரும். இதுல ரொம்ப வேகமா மாறுது, காயில் மறிச்சிருது. எல்லாம் மேல் குழாய்லயே நெருக்கியடிச்சு ஓடி, சூடாகுது. நடுக்கம்பி சும்மா கிடக்கு. அதுக்குத்தான் முடி முடியாப் போட்டிருக்காங்க. முடிக்கு நடு ஏது?"

சடசடவென்று கொட்டி ஓடும் மழையில் எங்கள் கரிசல் மேலே மட்டும் நனைந்து, கொத்தினால் அடியில் புழுதியாகக் கிடப்பது நினைவுக்கு வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது.

எனாமல் பூசிய மெல்லிய கம்பி மதுரையிலிருந்து வந்து சேர நாளானது. முறுக்கிச் சுற்றினேன். மெஷினில் வைத்த இரும்புத் துண்டு செக்கச் சிவந்தது. நிறுத்திவிட்டுக் காயிலைத் தொட்டேன், லேசான வெதுவெதுப்புதான்.

பாய் மகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வந்திருக்குண்ணே. ஆனா விசா வந்துருச்சு. அடுத்த வாரம் போறேன்."

"வேணாம்னு சொல்லிர முடியாதா பாய்?" என்றார் முதலாளி.

"ரெண்டாந்தடவை கருகுனப்பவே கடைக்குப் பிடிச்ச இடத்தை விட்டுட்டு, விசாவுக்கு எழுதிப் போட்டுட்டேன்."

மெஷினை ஈரம் படாமல் வைத்திருக்கச் சொன்னார். சாக்குப் போட்டு மூடினேன். இரும்புத் துண்டு தரையில் கிடந்தது, இன்னும் சிவப்பாக.

"வாம்மா, பஸ்ஸு வந்துரும்."

அது கறுக்கும்வரை அவள் நகரவில்லை.