கால் மைல் ஓடிய கார்

அன்று நடந்தவை, வரிசையாக:

1. விடியற்காலை ஐந்து மணிக்கு மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து காரில் புறப்பட்டோம். சித்தப்பா ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில்.
2. அப்பாவும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் ஏழு பேரும் ஒரு வேனில் பின்னால் வந்தார்கள்.
3. கித்துல்கலைக்கு வருமுன் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.
4. பத்தரை மணிக்குக் கீழ்நாட்டில், விமானங்கள் வராமல் போன ஒரு பழைய ஓடுபாதையை அடைந்தோம்.
5. சித்தப்பா காரை ஒருமுறை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.
6. இல்லை என்றேன்.
7. சத்தம் இருந்தது.
8. கால் மைலைக் கார் பதினேழு புள்ளி ஆறு வினாடியில் ஓடியது.
9. அதன் பிறகு அது ஓடவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது நான் வாகனப் புகை சோதனை நிலையமொன்றில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் கட்டங்கள். கட்டம் போட்டு எழுதினால் எந்த விஷயமும் அடங்கிவிடும் என்று நம்புகிறவள் நான். ஆறும் ஏழும் மட்டும் இத்தனை வருஷமாக அடங்கவில்லை.

பந்தயக் கார் என்றதும் மனதில் வருகிற எதுவும் அந்தக் காரில் கிடையாது. ஜப்பானில் செய்தது. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, சின்ன என்ஜின். செய்தவர்கள் அதை வேகத்துக்காகத்தான் செய்திருக்க வேண்டும். வாங்கியவர்கள் அதில் உரமூட்டை ஏற்றியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவின் கொட்டிலில் கோழிகள் அடைந்துகிடந்த நிலையில் சித்தப்பா அதைக் கண்டுபிடித்து, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். நான்கு வருஷம் அதன் அடியில் படுத்துக் கிடந்தார். அவருக்குப் பெண் பார்க்கலாமா என்று யாராவது பேச்செடுத்தால் அம்மா விடமாட்டார்.

"எங்க கொழுந்தனுக்கு எதுக்குங்க பொண்ணு? அதான் செவப்பா ஒன்னு வாசல்லயே நிக்கிதே."

சித்தப்பாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை எங்கள் ஊரில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாடிய கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் இயந்திரங்களுக்கு அவர்தான் வைத்தியர். பதினாறு வயதில் உள்ளே போனவர். ரோலர் அறையின் இரைச்சலில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சித்தப்பா கத்தித்தான் பேசுவார். ஸ்டோர் ஆட்களின் குரலே அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குப் பந்தயம் பார்க்க வந்த கொழும்புக்காரர் ஒருவரின் கார் ஹட்டன் பாதையில் நின்றுபோனது. பந்தயக் கார்களுக்கென்றே கராஜ் வைத்திருப்பவர். அவருடைய ஆட்கள் இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை, பஸ்ஸுக்குக் காத்திருந்த சித்தப்பா இருபது நிமிஷத்தில் சரிசெய்தார். அவர் சித்தப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நாங்கள் நடத்தும் போட்டிக்கு நீயே கட்டிய என்ஜினோடு ஒரு வண்டியைக் கொண்டு வா, கால் மைலைப் பதினெட்டு வினாடிக்குள் ஓடினால் என்னிடம் வேலைக்குச் சேர்ந்துகொள் என்றார். எங்கள் குடும்பத்தில் அதுவரை தோட்டத்துக்கு வெளியே யாரும் வேலைக்குப் போனதில்லை. சித்தப்பா பஸ்ஸைத் தவறவிட்டு, மஸ்கெலியா வரைக்கும் நடந்தே வந்தார் என்று அப்பா சொல்வார். உண்மையாக இருக்கலாம்.

கால் மைல் என்பது எங்களுக்குப் பிடிபடாத விஷயம். எங்கள் மலையில் நேராக ஒரு கால் மைல் கிடையாது. பாதை ஒன்று தேயிலையைச் சுற்றும், அல்லது தண்ணீரைச் சுற்றும். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு எரிந்ததும் நேராகப் போவதுதான் போட்டி என்று சித்தப்பா விளக்கியபோது அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

"திரும்பவே வேணாமா? அப்பறம் என்னத்தடா போட்டி? அதுக்கு எரும மாடு போதுமே."

பாரம் குறைய வேண்டும் என்றார் சித்தப்பா. பின் இருக்கை, கம்பளம், உதிரிச் சக்கரம், கதவுகளின் உட்பலகை எல்லாம் கழற்றப்பட்டன. ஒவ்வொன்றையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிப் போய்த் தராசில் மாட்டி நிறுத்தோம். எடையை எழுதியவள் நான். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று, தினமும் கொழுந்தில் கழிப்பதுபோல ஈரத்துக்காக இரண்டு கிலோ கழித்துக்கொள்ளவா என்று கேட்டார். மலையே சிரித்தது. ஐம்பத்தெட்டு கிலோ தேறியது. பக்கத்து இருக்கையை மட்டும் சித்தப்பா கழற்றவில்லை. அதில் நான் உட்கார வேண்டியிருந்தது.

ஏனென்றால் எனக்கு ஒரு வேலை இருந்தது. என்ஜினுக்குள் தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்பதைச் சித்தப்பா கையால் திருகி வைப்பார். கொஞ்சம் முன்னால் விழுந்தால் பலம் கூடும். அளவுக்கு மீறி முன்னால் விழுந்தால் என்ஜின் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். அந்த அடி வெளியே கேட்கும். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் முதல் நாலைந்து கடுகு வெடிக்குமே, அதே சத்தம். நல்லதண்ணி என்ற ஊருக்குப் போகும் ஏற்றத்தில் காரை மூன்றாம் கியரில் போட்டு அழுத்தி மிதித்தபடி அவர் கேட்பார்.

"பாப்பா, சத்தம் இருக்கா?"

இருக்கிறது என்றால் நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து, இம்மியளவு திருகிவிட்டுத் திரும்ப அடிவாரத்திலிருந்து தொடங்குவார். மறுபடி கேள்வி. இல்லை என்று நான் சொல்லும்வரை இது நடக்கும். இல்லை என்றதும், "அப்படிப் போடு" என்று முதுகில் தட்டுவார். மஸ்கெலியாவில் கடையில் ஒரு பணிஸ் ரொட்டியும் பாலில்லாத பிளேன்டியும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரி. கேள்விக்குச் சரியான விடை எது என்று பிடிபட எனக்கு அதிக நாள் ஆகவில்லை.

அவர் கேட்பது எனக்கு வைக்கும் சோதனை என்றுதான் நினைத்தேன். என்ஜினைக் கட்டியவர் அவர். அவருக்குக் கேட்காமலா இருக்கும்?

புறப்பட்ட அன்று கோயிலடியில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அம்மா வாசலில் நின்று, என்னைக் காருக்குள் வைத்துப் போட்டி ஓட்டக்கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கீழே போகப் போக வெக்கை ஏறியது. அவிசாவளைக்குப் பிறகு சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். மேலே காற்று லேசு, கீழே கனம், அங்கே வைத்த அளவு இங்கே ஒத்துவராமல் போகலாம், போனதும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் எதையும் மறக்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும்.

ஓடுபாதையில் எங்கள் கார்தான் ஆகச் சின்னது. பக்கத்தில் நின்றவை எல்லாம் பளபளத்தன. சிலவற்றை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் வேனிலிருந்து இறங்கி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே வரிசையாக நின்றார்கள். கொழும்புக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, என்னையும் பார்த்தார். அடுத்த சுற்றில் உன் இலக்கம் என்று சித்தப்பாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பக்கத்துப் பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. சித்தப்பா அழுத்தி மிதித்தார். கடுகு வெடித்தது. நாலைந்து அல்ல, ஒரு கரண்டிக் கடுகும் ஒன்றாக.

"சத்தம் இருக்கா பாப்பா?"

ஒலிபெருக்கியில் எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருக்கிறது என்றால் அவர் இறங்குவார், மூடியைத் திறப்பார், திருகுவார், மறுபடி ஓட்டுவார். அதற்குள் இலக்கம் போய்விடும். அப்பா, ஏழு பேர், எலுமிச்சம்பழம், ஐம்பத்தெட்டு கிலோ, எல்லாம் வீணாகிவிடும். அதோடு, இவ்வளவு பெரிய சத்தம் அவருக்கு எப்படிக் கேட்காமல் போகும்? வேண்டுமென்றுதான் கேட்கிறார், நான் தைரியம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்று தோன்றியது.

"இல்ல சித்தப்பா."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன். இல்ல."

"அப்படிப் போடு" என்றார். என் இருக்கையையும் ஒரே நிமிஷத்தில் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கோட்டுக்குப் போனார்.

பக்கத்துக் கார் எங்களைவிட மிக முன்னால் போய்விட்டது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் நேரம் காட்டும் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் 17.6 என்று விழுந்தது. நான் கத்தினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கத்தினார்கள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவருடைய தோளுக்கு மேலாகப் பார்க்கும்போதுதான், தூரத்தில் எங்கள் கார் நீலப் புகைக்குள் நிற்பது தெரிந்தது. எல்லாக் காரும் ஓடி முடித்தால் புகைக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாங்கள் ஓடிப் போனபோது கொழும்புக்காரர் முன்மூடியைத் திறந்துவிட்டிருந்தார். எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றித் துணியில் வைத்துச் சித்தப்பாவுக்குக் காட்டினார். அதன் நுனியில் வெள்ளி மணல் ஒட்டியிருந்தது. அழகாக இருந்தது. பிஸ்டனில் ஓட்டை விழுந்து, உருகிய உலோகம் அங்கே தெறித்திருக்கிறது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

"இது அடித்துக்கொண்டது எங்களுக்கு அங்கே நின்றே கேட்டது. உள்ளே இருந்த உனக்குக் கேட்கவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார், இந்தப் பிள்ளைதான் இல்லையென்று சொன்னது என்று சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவர் சொல்லவில்லை. கொழும்புக்காரரிடம் திரும்பி, "சத்தம் ஒன்றும் வரவில்லை மாத்தயா" என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்.

கொழும்புக்காரர் கோபப்படவில்லை. வேகமாக ஓட்ட என்னிடம் பையன்கள் இருக்கிறார்கள், எனக்கு வேண்டியது என்ஜின் சொல்வதைக் கேட்கிற ஆள் என்று சொல்லிவிட்டு, பிளக்கைத் துணியோடு சித்தப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. பதினெட்டுக்குள் ஓடிவிட்டதே, பலகையில் போட்டிருக்கிறதே என்று அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். எனக்கும் புரியவில்லை. பதினேழு புள்ளி ஆறு பதினெட்டைவிடச் சின்னது. நான் கணக்கில் கெட்டிக்காரி.

காரை வேனில் கட்டி இழுத்துக்கொண்டு மலையேறினோம். நான் வேனில் அப்பாவோடு இருந்தேன். கினிகத்தேனையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தியபோது சித்தப்பா காரிலிருந்து இறங்கி வந்து எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார்.

"பழைய பிஸ்டன் பாப்பா. சத்தங்கித்தம் இல்லாமலே போயிருச்சு."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு பதினோரு வருஷம் இருந்தேன். அவர்மேல் ஒரு பக்தியே இருந்தது.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது, ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வகுப்புக்காகப் போனில் ஏற்றியிருந்த ஒன்றைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரே சத்தம், படிப்படியாகக் கீச்சாகி உயர்ந்துகொண்டே போகும். கேட்கும்வரை கையைத் தூக்கியிருக்க வேண்டும், கேட்காமல் போனதும் இறக்கிவிட வேண்டும். அம்மா, அப்பா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் தொடங்கிச் சில வினாடிதான். சித்தப்பா கையை இறக்கிவிட்டார். இறக்கியவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோருடைய கையும் மேலே இருந்தது. அவரும் மெதுவாகத் தன் கையைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். அம்மா இறக்கியதும், அம்மாவைப் பார்த்துத் தானும் இறக்கினார்.

நான் போனை அணைத்துவிட்டேன்.

கடுகு வெடிப்பது போன்ற கீச்சுச் சத்தம் எதுவும் அந்த நாளிலேயே அவருக்குக் கேட்டிருக்கவில்லை. ரோலர்களின் இரைச்சல் அந்தச் செவியை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நல்லதண்ணி ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் அவர் உண்மையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஓடுபாதையில் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, அந்த மனிதர் சொல்வது நிஜமா என்று என் முகத்தில் தேடியிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் காதை நம்பி, சத்தம் வரவில்லை என்று சத்தியம்போலச் சொன்னார்.

அன்று சாயந்தரம் குழாயடியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "அன்னக்கி சத்தம் இருந்துச்சு சித்தப்பா" என்றேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிச் சிரித்தார்.

"என்ன பாப்பா? சத்தமா சொல்லு."

லயத்தின் பன்னிரண்டு கதவுகளும் திறந்திருந்தன. எல்லா வாசலிலும் ஆட்கள் இருந்தார்கள். அவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டுமானால் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

"ஒன்னுமில்ல" என்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

அதற்கு மூன்று வருஷம் ஆகிறது. சித்தப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. அதே ஸ்டோரில், அதே அறையில் வேலை. காரின் என்ஜின் இறக்கப்பட்டு, பிறகு ஏற்றப்படவில்லை. பழைய பிஸ்டன் தானாகப் போய்விட்டது என்று அவர் இன்றும் நம்புகிறார். நான் சொல்லவில்லை.