தேசிக்காய்ச் சட்டமும் ஊசி ரிக்கியாமோவும்

புது வண்டி விற்பவனுக்குக் கை குலுக்கல், விற்ற வண்டியின் குறை கேட்பவனுக்குத் திட்டு. எங்கள் தொழிலில் பங்கு பிரித்த விதம் அப்படி. நான் இரண்டாவது பங்குக்காரன்.

தொண்ணூறுகளின் நடுவில், பலெர்மோவில் பிக்கப் விற்கும் ஒரு கடையின் பின்பக்கக் கராஜில், முறைப்பாடு கேட்கும் கவுண்டரில் நின்றேன். யாரோ எங்கோ செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டே சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வருடம் கொம்பனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நாங்கள் விற்ற ஒரு மொடல் பிக்கப்பில், பின்னால் பாரம் ஏற்றினால் பிரேக் குழாய் ஸ்பிரிங்கோடு உரசித் தேய்கிறதாம். தேய்ந்து அறுந்தால் எண்ணெய் கொட்டிவிடும், இறக்கத்தில் வண்டி சொல்வழி கேட்காது. வாங்கியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்தத் திருப்பி அழைத்தலுக்கு இத்தாலியனில் ரிக்கியாமோ என்று பெயர். அந்த மொடலைப் பலெர்மோவில் இருக்கும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களும் வாங்கியிருந்தார்கள், "அங்கை எங்கட பெடியன் நிக்கிறான்" என்று என்னை நம்பி. ஒருவருக்கு ஏதும் ஆகிவிட்டால் அவர்கள் வீட்டுப் படியை எந்த முகத்தோடு மிதிப்பது என்ற பயம் அந்தக் கோடை முழுக்க என்னைத் தின்றது.

இளநீர் பருமனில் தேசிக்காய்

சிவபாலன் அண்ணை மொண்டெல்லோவில் பணக்காரர்களின் கடற்கரை வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலையை எடுத்து நடத்துபவர். வண்டி எடுக்க வந்த நாளில் தேங்காய், கற்பூரம், சந்தனம் எல்லாம் சரியாக வந்தன. தேசிக்காய் மட்டும் வரவில்லை. சில்லுக்குக் கீழே வைத்து நசிக்கிற ஊர்த் தேசிக்காய் போர்கோ வெக்கியோ சந்தையில் கிடையாது. மரக்கறிக்காரன் "இதுவும் அந்தக் குடும்பம்தான்" என்று இளநீர் பருமனில் தடித்த தோல் எலுமிச்சை நாலைக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

நாலையும் நாலு சில்லுக்கு முன்னால் வைத்தோம். அண்ணை கிளச்சை விட்டார். வண்டி முக்கிக்கொண்டு ஏறப் பார்த்தது, ஏலாமல் பின்னுக்கு வழுக்கியது, நின்றது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினார், திரும்ப நின்றது. மூன்றாம் முறை ஒரு பழம் வெடித்துச் சாறு முழுவதும் விற்பனையாளர் ஜான்னியின் வெள்ளைக் காற்சட்டையில் அடித்தது. அண்ணை கண்ணை மூடிக் கும்பிட்டார். ஜான்னி காற்சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஐயா, இது சாமான் ஏற்றும் வண்டி. பழம் பிழியும் மெஷின் பக்கத்துக் கடையில் விற்கிறார்கள்."

அமெரிக்கா போட்ட சட்டம்

அதே வண்டி ஒரு மாதத்துக்குள் சிக்னலில் நிற்கத் தொடங்கியது. சிவப்பில் நின்றால் பச்சையில் எழும்பாது. கராஜுக்கு வந்தால் ஒன்றும் இல்லை, டொக்டரைக் கண்ட பிள்ளை மாதிரிச் சமத்தாக ஓடும். மெக்கானிக் நீனோ ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வந்து "எல்லாம் சரி" என்பான். அண்ணை கொண்டுபோவார், அடுத்த சிக்னலில் நிற்பார், அங்கிருந்தே எனக்கு ரெலிபோன் எடுத்து, பின்னால் நிற்பவர்கள் அடிக்கும் ஹோர்னைக் கேட்கத் தருவார்.

ஒருநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "தம்பி, அமெரிக்காவிலை இருக்கிற மச்சானோடை கதைச்சனான். அங்கை தேசிக்காய்ச் சட்டம் எண்டு ஒண்டு இருக்காம். புது வண்டி திருப்பித் திருப்பிப் பழுதானால் கொம்பனி திருப்பி எடுக்கத்தான் வேணுமாம். நான் நாலு தேசிக்காயும் நசிச்செல்லே எடுத்தனான்? நீயும் பக்கத்திலை நிண்டனி, நீதான் சாட்சி." அங்கே உதவாத வண்டியைத்தான் தேசிக்காய் என்று சொல்வார்கள், நசித்த தேசிக்காய்க்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நீனோவிடம் "அமெரிக்காவில் எலுமிச்சைக்குச் சட்டம் இருக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன். "சிசிலிக்காரனுக்கு எலுமிச்சையில் அமெரிக்காக்காரன் சட்டம் சொல்லித் தருகிறானா?" என்று அவன் ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டான்.

இங்கே உள்ள சட்டத்தை முதலாளி உள்ளே இருந்து வாசித்தார். வண்டியில் குறை கண்டால் எட்டு நாளுக்குள் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை முடிந்தது. நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை வண்டித் திறப்பைக் கவுண்டரில் போட்டார். பிறகு சொன்னார்: "அப்ப செத்தவீடு மாதிரி, செத்த வண்டிக்கும் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு முன்னம் வந்து சொல்லவேணும் எண்டுறியள், அப்பிடித்தானே?"

நாற்றம்

ஒரு மீன்காரர். புது வண்டிக்குள் நாற்றம், இது தொழிற்சாலையில் வந்த குறை, எனக்கு வேறு வண்டி வேண்டும் என்று கவுண்டரை அடித்தார். நீனோ டாஷ்போர்டைக் கழற்றி, காற்று வரும் குழாய்க்குள்ளிருந்து காய்ந்துபோன ஒரு சார்டின் மீனை வாலில் பிடித்து எடுத்து என் மேசையில் வைத்தான். நான் மீனையும் மீன்காரரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "மீன் என்னுடையதுதான், ஆனால் ஓட்டை உங்களுடையது."

தோட்டத்துக்கு வந்த பிரேக்

இதற்கிடையில் ரிக்கியாமோ வேலை ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகப் பெண் பத்ரீசியா ஒவ்வொருவருக்காக ரெலிபோன் எடுப்பாள். வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். கோடையில் வண்டியை விட்டுவிட்டு இருக்க யாருக்கு மனம் வரும்? சியாகுல்லியில் மந்தாரின் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் பெப்பே மாத்திரம் வேறு விதமாகப் பிடிவாதம் பிடித்தார். கொம்பனி இந்த வேலைக்கு வைத்த முழுப்பெயர் "கம்பாஞ்ஞா டி ரிக்கியாமோ". கம்பாஞ்ஞா என்றால் இயக்கம், தோட்டம் துரவு என்றும் அர்த்தம். "தோட்டம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் தோட்டத்துக்கு வாருங்கள்" என்று ரெலிபோனை வைத்துவிட்டார். விளங்கித்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போனோம். வேறென்ன செய்வது? நீனோ தண்ணீர் பாய்ச்சிய சேற்றில் மல்லாந்து படுத்துக் குழாயை மாற்றினான். பெப்பே நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். இது உயிர்ப் பிரச்சினை ஐயா, பிரேக் இல்லாமல் என்ன செய்வீர்கள் என்று நான் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். அவர் தோட்டத்தைக் கையால் காட்டினார்: "இங்கே வண்டி தானாக நிற்காவிட்டால், மரம் நிறுத்தும்."

மலையேறிய பாரம்

ஒருவழியாக எல்லாப் பெயர்களுக்கும் நேரே "முடிந்தது" என்று பத்ரீசியா போட்டாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் ரொசாலியா மாதா குகைக்குப் போனார்கள். பலெர்மோவில் அவவிடம் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் எங்களுக்கு இல்லை, நேர்த்தி வைத்தால் ஏறியே தீரவேண்டும். மன்னார் அருளப்பு அண்ணை எங்களிடம் வாங்கிய அந்த மொடல் பிக்கப்பின் பின்னால் பத்துப் பதினைந்து பேரை ஏற்றினார். சட்டப்படி குற்றம்தான், ஆனால் நானும் ஏறினேன். பக்கத்தில் அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா, மடியில் கைப்பிள்ளை. வண்டி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ரிக்கியாமோ முடிஞ்சுது, நல்ல காலம் அக்கா" என்றேன் சும்மா.

"ஓம் தம்பி. போன் வந்த அண்டைக்கே நான் தூக்கிக்கொண்டு ஓடினனான்."

"எதைத் தூக்கிக்கொண்டு?"

"பிள்ளையைத்தான், வேறை எதை? உங்கட கந்தோர்ப் பெண், ரிக்கியாமோ, அவசரம், காசு தேவையில்லை, உடனை கொண்டு வாங்கோ எண்டவள். கிளினிக்கிலை நர்ஸ் அட்டையைப் பாத்திட்டு, எல்லாம் சரி, ஒண்டும் தேவையில்லை எண்டு அனுப்பிட்டா. பேந்து அந்தப் பெண் திருப்பி எடுக்கேக்கை, பாத்தாச்சு, எல்லாம் சரியாம் எண்டு நான் சொன்னனான்."

பிள்ளைக்குப் போடும் இரண்டாம் தடுப்பூசிக்கும் ரிக்கியாமோ என்றுதான் பெயர். வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டிலும் கிளினிக்கிலும் இத்தாலியன் படித்த எங்கள் பெண்களுக்கு அது ஒன்றுதான் ரிக்கியாமோ. பாரம் ஏற்றினால் குழாய் தேயும் என்று கோடை முழுக்க ஊருக்கெல்லாம் சொன்னேன். இப்போது பாரம் நாங்கள். நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ என்று கபினின் கூரையில் ஓங்கி அடித்தேன். அருளப்பு அண்ணை நான் பாட்டுக்குத் தாளம் போடுகிறேன் என்று நினைத்து, தானும் ஹோர்ன் அடித்துக்கொண்டு உச்சிவரை போய்த்தான் நிறுத்தினார்.

இறங்கியதும் வண்டிக்கடியில் நுழைந்து பார்த்தேன். குழாயின் மேல்தோல் போய் உள்நூல் தெரிந்தது, விரல் வைத்தால் எண்ணெய் பட்டது. வெளியே வந்து மெற்றில்டா அக்காவின் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அருளப்பு அண்ணைக்கோ ரோஷம். "இவ்வளவு பேரோடை ஏறி வந்தது தானே? பிரேக் நல்லாத்தான் இருக்கு."

"ஏறுறதுக்கு ஆருக்கண்ணை பிரேக் வேணும்?" என்று கத்தி, திறப்பைப் பிடுங்கிப் பொக்கற்றுக்குள் போட்டேன். ஒருவரும் வண்டியில் மலை இறங்கக்கூடாது என்றேன். சாப்பாட்டுச் சட்டி, பாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தோம். வழி முழுக்க எனக்குத்தான் திட்டு. பரமேஸ்வரி அக்கா மட்டும், முழங்கால் வலிக்காரி, முணுமுணுக்காமல் வந்தா. கோபமோ அக்கா என்று கேட்டேன். அவ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னா: "நடந்து ஏறுவன் எண்டுதான் தம்பி நேர்ந்தனான், கள்ளமா வண்டியிலை ஏறினதுக்கு மாதா இறங்கேக்கை நடக்க வைச்சிட்டா."

மறுநாள்

நீனோ மலைக்குப் போய், வண்டி நின்ற இடத்திலேயே குழாயை மாற்றி, பழையதைக் கவுண்டருக்குக் கொண்டுவந்தான். என் முன்னால் அதை மெல்ல வளைத்தான். வளைத்த இடத்தில் அது இரண்டாகப் பிளந்தது. முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பத்ரீசியா அழுதாள், அவளிலும் பிழை சொல்ல முடியாது, அவள் பேசியது நல்ல இத்தாலியன். அன்று முதல் எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். ரிக்கியாமோ என்ற சொல்லை வாயால் எடுக்கவில்லை. "உங்கட வண்டியின்ரை பிரேக் பழுது, வண்டியைக் கொண்டு வாங்கோ, பிள்ளையை வீட்டிலை விடுங்கோ" என்றேன். இன்னும் இரண்டு பேருடைய வண்டிகள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. இரண்டு வீட்டிலும் கைப்பிள்ளை இருந்தது.

பின்னேரம் மெற்றில்டா அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கராஜுக்கு வந்தா. பிளந்த குழாயைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிள்ளை அதைப் பிடுங்கப் பார்த்தது. அவ பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டா. ஒரு நன்றி வரும், அல்லது ஒரு கண்ணீராவது வரும் என்று நான் காத்திருந்தேன். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது: "பிள்ளைக்கு ஊசி தேவையில்லை எண்டு சொல்லத் தெரிஞ்ச அந்த நர்ஸ், வண்டிக்குத்தான் தேவை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே, தம்பி?"

எந்த வண்டியில் எந்தக் குறை வந்தாலும் அதற்குக் காரணமானவர் அந்த இடத்தில் இருக்கவே மாட்டார், பதில் சொல்ல மட்டும் நான் இருப்பேன்.