அப்பா பிஸி

நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவது அப்பாவுக்குப் பெரிய மானக்கேடு. தலைமுறை தலைமுறையாக விடிவதற்கு முன் வயலில் இறங்கிய வம்சம். பகலில் படுத்திருப்பவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் சோம்பேறி என்பதுதான் ஊர்க் கணக்கு. அதனால் ஊர்க்காரர்கள் யாராவது குவார்ட்டர்சுக்கு வந்தால் ‘தூங்குகிறார்’ என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. “அப்பா பிஸின்னு சொல்லு” என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நாலாம் வகுப்புக்காரிக்கு அது கலெக்டர் உத்தியோகம் மாதிரி. காக்காய் கத்தினால்கூட விரட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், கம்மாபுரத்து அத்தை வேர்க்க விறுவிறுக்க வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. புருஷனை இழந்தவள். அவள் மகளுக்கு மறுநாள் நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ, அன்றைக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

“அண்ணன கூப்புடு கண்ணு. தாய்மாமன் இல்லாம எப்படித் தட்டு மாத்தறது? அவங்க வந்து குந்திக்கினு கீறாங்க.”

“அப்பா பிஸி அத்தை” என்றேன்.

“பிஸின்னா?”

“பெரிய வேலை. நடுவுல கூப்பிடக்கூடாது.”

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. நான் அவசரமாக இருமினேன். அத்தை திரைச்சீலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ராத்திரிக்கும் மைன்ஸுக்குப் போவணுமா?”

“ஆமா. தூங்காமப் போனா மெஷின் மேல கண்ணு அசந்துடும்னு அம்மா சொல்லும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை சிரிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். “வேணாம், கூப்புடாத. வேலையப் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மூன்று மணிக்கு எழுந்த அப்பாவிடம் பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் என்னை அடிக்கவில்லை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். ஷிப்டுக்கு நேரமாகும்போதுதான் திரும்பி வந்தார்.

“தாய்மாமன் எங்கன்னு சபையில கேட்டாங்களாம். ‘எங்கண்ணன் பிஸி’ன்னு தங்கச்சி சொல்லி, பக்கத்து வூட்டுக்காரர நிக்கவச்சுத் தட்டு மாத்திட்டா” என்றார் அம்மாவிடம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியவில்லையாம். பெரிய உத்தியோகம் போல என்று மரியாதையாகத் தலையாட்டினார்களாம்.

என் இங்கிலீஷ் சபையேறிவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஏன் சாப்பிடாமல் போகிறார் என்று கேட்டேன். பசியில்லை என்றாள் அம்மா. நம்பினேன். அண்ணனை எழுப்ப மனசு வராமல், பெற்ற மகளின் நிச்சயத்தில் அவர் இடத்தை அத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள் என்பது எனக்குப் புரிவதற்கு, என் தம்பி நைட் ஷிப்டுக்குப் போகும் காலம் வரவேண்டியிருந்தது.